நெவர்விண்டர் நைட்ஸ்: எந்தக் கேம்பெய்னை ஆடலாம், எதைத் தாண்டிப் போகலாம்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பால்டர்ஸ் கேட் 3 என்ற கணினி கேமை ஆடி முடித்தவர்கள் பலரும் "அதே உலகத்தில் வேறு என்ன இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். என் பதில் எப்போதும் ஒன்றுதான். பால்டர்ஸ் கேட் நகருக்கு வடக்கே, அதே கடற்கரையில் நெவர்விண்டர் என்றொரு நகரம் இருக்கிறது, அதன் பெயரில் வந்த நெவர்விண்டர் நைட்ஸ் கேம்களை ஆடி அங்கே போங்கள். உடனே அடுத்த கேள்வி வந்துவிடும்: எதில் தொடங்குவது? அங்கிருந்து வரிசையாக வரும் கேள்விகளுக்கான பதில்கள்தான் இவை. கதையின் முடிச்சை அவிழ்க்கும் இடங்களில் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

மொத்தம் எத்தனை கேம்பெய்ன்கள் இருக்கின்றன?

கேம்பெய்ன் என்றால் தொடக்கம் முதல் முடிவுவரை ஆடும் ஒரு முழுக்கதை. முக்கியமானவை ஆறு. பயோவேர் உருவாக்கிய முதல் கேம் 2002 ஜூனில் வந்தது. 2003-இல் அதற்கு இரண்டு எக்ஸ்பான்ஷன்கள் (கூடுதல் கதைகள்): ஷேடோஸ் ஆஃப் அன்ட்ரென்டைட், ஹோர்ட்ஸ் ஆஃப் தி அண்டர்டார்க். இரண்டாம் கேமை அப்சிடியன் நிறுவனம் 2006-இல் செய்தது. அதற்கு மாஸ்க் ஆஃப் தி பெட்ரேயர் 2007-இலும் ஸ்டார்ம் ஆஃப் ஜெஹிர் 2008-இலும் வந்தன. இவை தவிர 2009-இல் வந்த மிஸ்டரீஸ் ஆஃப் வெஸ்ட்கேட் போன்ற சிறிய கதைகளும் உண்டு. அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

1991-இல் ஏஓஎல் இணைய இணைப்பு வழியாக இதே பெயரில் ஒரு ஆன்லைன் கேம் ஓடியது. அதற்கும் இந்தக் கதைகளுக்கும் தொடர்பில்லை. பழைய ஆட்கள் அதைப் பற்றிப் பேசினால் குழம்ப வேண்டாம்.

ஆறையும் வரிசையாக ஆட வேண்டுமா?

வேண்டாம். பெயரில்தான் ஒரே தொடர். உள்ளே நான்கு தனிக் கதைகள். முதல் கேமின் கதை தனி. அன்ட்ரென்டைட்டும் ஹோர்ட்ஸும் சேர்ந்து ஒரே கதாநாயகனின் கதை. இரண்டாம் கேமும் மாஸ்க்கும் சேர்ந்து இன்னொருவரின் கதை. ஜெஹிர் மறுபடி தனி.

பலரும் செய்யும் தவறு, முதல் கேமை முடித்த கேரக்டரை அப்படியே அன்ட்ரென்டைட்டுக்குள் கொண்டுபோவது. அது முதல் லெவலில் தொடங்குகிற கதை. பதினைந்து லெவல் வீரனோடு அங்கே போனால் எலி பிடிக்கப் பீரங்கியோடு போனது போல ஆகிவிடும். ஹோர்ட்ஸுக்கு அன்ட்ரென்டைட் கேரக்டரைக் கொண்டுபோங்கள், அதுதான் முறை. லெவல் குறைவாக இருந்தால் கேமே 15-க்கு ஏற்றிவிடும்.

முதல் கேம்பெய்ன் அவ்வளவு மோசமா?

மோசமில்லை, நீளம். நெவர்விண்டரில் வெய்லிங் டெத் என்ற கொள்ளைநோய் பரவுகிறது. மருந்து தயாரிக்க நான்கு உயிரினங்கள் வேண்டும். நான்கும் தப்பித்துப் போய் நகரின் நான்கு பகுதிகளில் இருக்கின்றன: துறைமுகத்தில் ஒன்று, பணக்காரர்களின் பிளாக்லேக்கில் ஒன்று, சிறைச்சாலை இருக்கும் பகுதியில் ஒன்று, பிச்சைக்காரர் குடியிருப்பில் ஒன்று. நான்கையும் கொண்டுவந்தால் அத்தியாயம் முடிந்தது. பிறகு நோயைப் பரப்பிய கூட்டத்தைத் தேடி ஊர் ஊராகப் போகிறோம். அதற்கப்புறம் வேர்ட்ஸ் ஆஃப் பவர் என்ற மந்திரப் பொருள்களைச் சேகரிக்கிறோம். கையில் மளிகைச் சீட்டைக் கொடுத்துக் கடைக்கு அனுப்பியது போலவே இருக்கும்.

ஆபத்து என்ற உணர்வும் குறைவு. நினைத்த இடத்தில் படுத்துத் தூங்கி உடம்பைத் தேற்றிக்கொள்ளலாம். அடி தாங்கவில்லையென்றால் பையில் இருக்கும் கல்லைத் தொட்டால் கோயிலுக்கே வந்துவிடலாம். துணைக்கு ஒரே ஒரு ஆள். அவருக்கு நல்ல கவசம் கிடைத்தாலும் போட்டுவிட முடியாது.

இப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. பயோவேர் அன்றைக்கு விற்றது கதையை அல்ல, கதை செய்யும் கருவியை. அரோரா என்ற அந்தக் கருவியை வைத்து வீட்டிலிருந்தபடியே யாரும் தங்கள் கேம்பெய்னைக் கட்டலாம். ஒருவர் கதைசொல்லியாக உட்கார்ந்து மற்றவர்களை ஆட்டத்தில் நடத்தலாம். ஒரே சர்வரில் 64 பேர்வரை சேரலாம். 2002-இல் அது பெரிய விஷயம். தறி விற்கிறவர் கூடவே நெய்து காட்டும் மாதிரித் துணிதான் அந்த முதல் கேம்பெய்ன். துணியைப் பார்த்துத் தறியை எடைபோட்டவர்கள்தான் அதிகம்.

அப்படியானால் அதில் பார்க்கவே ஒன்றுமில்லையா?

இரண்டு இருக்கின்றன. ஒன்று, இரண்டாம் அத்தியாயத்தில் வரும் சார்வுட் என்ற கிராமம். முக்கியக் கதைக்குச் சம்பந்தமே இல்லாத கிளைக்கதை. கவனிக்காமல் கடந்து போகிறவர்களும் உண்டு. ஊரே சாபத்தில் உறைந்து கிடக்கிறது. கோட்டைக்குள் இரண்டு சகோதரர்கள். ஊர்க் குழந்தைகள் செத்ததற்கு யார் பொறுப்பு என்று நீங்கள் விசாரித்துத் தீர்ப்பு சொல்ல வேண்டும். ஆதாரங்களைத் தேடிப் படிக்காமல் தீர்ப்பு சொன்னால் பிறகு உறுத்தும். அந்த ஒரு மணி நேரம் மீதி நாற்பது மணி நேரத்துக்குச் சமம்.

இன்னொன்று அரிபெத். இங்கே கதை கொஞ்சம் உடையும், வேண்டாதவர்கள் அடுத்த கேள்விக்குப் போகலாம். டைர் என்ற நீதிக் கடவுளை வணங்கும் போர்வீராங்கனை அவள். நோய்க்கு மருந்து கண்டுபிடித்தவனாக நடித்த துரோகியை அவள் காதலன் ஃபென்திக் வெள்ளை மனதோடு நம்பியிருந்தான். ஊர்க் கோபத்தைத் தணிக்க ஃபென்திக்கையும் தூக்கில் போடுகிறார்கள். நீதியின் பெயரால் நடந்த இந்த அநீதி அவளை எதிரிப் பக்கம் தள்ளுகிறது. எழுதிய விதம் அவசரமானதுதான், ஆனால் அடித்தளம் வலுவானது. ஹோர்ட்ஸ் ஆடும்போது அவளை எதிர்பாராத இடத்தில் மறுபடி சந்திப்பீர்கள். முதல் கேம்பெய்னை ஆடியதற்குக் கிடைக்கும் வட்டி அது.

அன்ட்ரென்டைட்டைத் தாண்டிவிடலாமா?

பலர் தாண்டிவிடுகிறார்கள். நான் சொல்வேன், தாண்டாதீர்கள். ஹில்டாப் என்ற பனி மலைக் கிராமத்தில் டுரோகன் என்ற குள்ளர் குல மந்திரவாதியிடம் படிக்கும் மாணவர் நீங்கள். கோபால்டுகள் என்ற குட்டிப் பல்லி மனிதர்கள் வந்து குருவுக்கு விஷம் வைத்துவிட்டு நான்கு பொருள்களைத் திருடிப் போகிறார்கள். உலகத்தைக் காப்பாற்றும் பேச்செல்லாம் தொடக்கத்தில் இல்லை. வாத்தியார் படுத்த படுக்கையாக இருக்கிறார், போன பொருளை மீட்க வேண்டும், அவ்வளவுதான். ஊர்க்காரர்களோடு பழகுவதும் அவர்களுடைய சின்னச் சண்டைகளில் தலையிடுவதும்தான் இதன் சுகம்.

நடுவில் பாலைவனத்துக்குப் போனதும் கொஞ்சம் தொய்வு விழுகிறது. கடைசிப் பகுதி, பழைய மந்திரவாதிகள் வானத்தில் மிதக்கவிட்டிருந்த அன்ட்ரென்டைட் நகரம். அங்கே வேகம் மறுபடி பிடிக்கும், ஆனால் சட்டென்று முடிந்துவிடும். ஆறில் சின்னது இதுதான். எனக்கு இரண்டு வார இறுதிகள் ஆனது.

இதைத் தாண்டக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் டீக்கின். வெள்ளை டிராகன் ஒன்றிடம் மாட்டிக்கொண்டிருக்கும் கோபால்டு பாடகன். தன்னைப் பற்றித் தானே படர்க்கையில் பேசுவான், உங்களைக் காவியத் தலைவனாக்கி ஒரு புத்தகம் எழுதியே தீருவேன் என்று நிற்பான். ஹோர்ட்ஸில் அவன் திரும்பி வரும்போது, முன்பே தெரிந்தவனாக வந்தால்தான் ருசி.

ஹோர்ட்ஸை ஏன் எல்லோரும் கொண்டாடுகிறார்கள்?

முதல் கேமில் என்னவெல்லாம் குறை என்று தெரிந்துகொண்டு செய்த கேம்பெய்ன் என்பதால். வாட்டர்டீப் நகரின் யானிங் போர்ட்டல் என்ற விடுதியில் தொடங்குகிறது. விடுதியின் நடுவே ஒரு பெரிய கிணறு, அதன் அடியில் அண்டர்மௌண்டன் என்ற பாதாளம், அதை ஆளும் பைத்தியக்கார மந்திரவாதி ஹலாஸ்டர். முதல் அத்தியாயம் முழுக்கச் சண்டைதான். பிடிக்காவிட்டாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் அத்தியாயம்தான் சரக்கு. நிலத்தடி உலகில் டுரோ என்ற இருள் எல்ஃப் குலத்தின் ராணி வால்ஷரெஸ் படை திரட்டுகிறாள். அவளை எதிர்க்கும் சிறிய நகரத்தின் தளபதியாகிறீர்கள். படை வந்து இறங்குவதற்குள் அவளுடைய கூட்டாளிகளை ஒவ்வொருவராகப் பிரிக்க வேண்டும். எந்தத் திசையில் முதலில் போவது, யாரை வெட்டுவது, யாரோடு பேரம் பேசுவது என்பது உங்கள் இஷ்டம். ஓரிடத்தில் கிடைத்த மாயக்கண்ணாடியை அதன் உரிமையாளர்களிடம் திருப்பிக் கொடுக்கலாம். அல்லது மூளை தின்னும் இல்லிதிட்களிடம் கொடுத்து அவர்களைப் போரிலிருந்தே விலக்கலாம். இரண்டுக்கும் விலை உண்டு. இது வெறும் பட்டியல் வேலையாகத் தெரியாததற்குக் காரணம், நீங்கள் செய்ததும் செய்யாததும் முற்றுகை நாளில் கண் முன்னால் வந்து நிற்பதுதான்.

மூன்றாம் அத்தியாயத்தின் கதையை இங்கே கொஞ்சம் உடைக்கிறேன். நரகத்தின் எட்டாம் அடுக்கு, முழுக்க உறைபனி. அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு மெய்ப்பெயர் இருக்கிறது. அதை அறிந்தவர் அந்த ஆளை ஆட்டிவைக்கலாம். பெயர்களை விற்கும் ஒருத்தியிடம் காசைக் கொட்டி, கடைசி எதிரியான மெஃபிஸ்டோஃபிலிஸின் மெய்ப்பெயரையே வாங்கிவிடலாம். வாங்கினால் கடைசிச் சண்டையே தேவையில்லை, ஒரு கட்டளை போதும். கேம் முழுக்கச் சேர்த்த தங்கத்துக்கு அர்த்தம் கிடைக்கும் இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

ஹோர்ட்ஸில் லெவல் 40 வரை போகலாமாமே?

விதிப்படி போகலாம், கதைக்குள் அவ்வளவு எட்டாது. லெவல் கூடக் கூட எதிரிகளும் வீங்குவார்கள். கணக்குப் போட்டுக் கேரக்டர் செய்வதில் ஆசை இருந்தால் சொர்க்கம், இல்லையென்றால் வாள் தூக்கும் ஃபைட்டரையே எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருங்கள்.

இரண்டாம் கேம் முதல் கேமின் தொடர்ச்சியா?

நகரம் ஒன்று, அதை ஆளும் நாஷர் பிரபுவும் அவரேதான். மற்றபடி புதுக்கதை. வெஸ்ட் ஹார்பர் என்ற சதுப்புநிலக் கிராமத்தில் அறுவடைத் திருவிழா அன்று தொடங்குகிறது. அன்றிரவே ஊர் தாக்கப்படுகிறது. வளர்ப்புத் தந்தை ஒளித்துவைத்திருந்த வெள்ளித்துண்டைத் தேடித்தான் எதிரிகள் வந்தார்கள். துண்டை எடுத்துக்கொண்டு நெவர்விண்டருக்கு நடக்கிறீர்கள்.

நடை நீளமானது. முதல் அங்கத்தில் நகரின் பிளாக்லேக் பகுதிக்குள் நுழையவே காவல்படையிலோ திருட்டுக் கூட்டத்திலோ சேர்ந்து வேலை பார்க்க வேண்டும். குகை, ஓர்க் என்ற அரக்கர்கள், இன்னொரு குகை, இன்னும் கொஞ்சம் ஓர்க். "இது எப்போதுதான் சூடு பிடிக்கும்?" என்று கேட்டால் என் பதில்: இரண்டாம் அங்கம். அங்கே இரண்டு நல்ல விஷயங்கள் காத்திருக்கின்றன.

ஒன்று, விசாரணை. எம்பர் என்ற கிராமத்தைக் கொன்று குவித்தது நீங்கள்தான் என்று லஸ்கன் நகரம் குற்றம் சாட்டுகிறது. சாட்சி தேடி, ஆதாரம் திரட்டி, மன்றத்தில் லஸ்கன் தூதர் டோரியோவோடு வாதாட வேண்டும். வாளைத் தொடாமல் வாயால் வெல்லும் அருமையான பகுதி. எரிச்சல் எங்கே என்றால், வழக்கில் ஜெயித்தாலும் எதிர்த்தரப்பு சண்டைத் தீர்ப்பு கேட்கும், லோர்ன் என்ற முரடனோடு மோதித்தான் ஆக வேண்டும். சொல்வன்மையில் புள்ளிகளைக் கொட்டி மெலிந்த உடம்போடு வந்தவர்கள் அங்கே அழுதிருக்கிறார்கள். நானும்தான்.

இன்னொன்று, கிராஸ்ரோட் கீப் என்ற பாழடைந்த கோட்டை. அது உங்கள் பொறுப்பில் வருகிறது. மதில் கட்டுவது, ஆள் சேர்ப்பது, படைக்குப் பயிற்சி தருவது, பாதைகளைக் காப்பது எல்லாம் உங்கள் கணக்கு. ஊர்ப்பக்கம் வீடு கட்டிய அனுபவம் இருக்கிறவர்களுக்குக் கொத்தனார் கேட்கும் தொகையைப் பார்த்தால் சிரிப்பு வரும். மூன்றாம் அங்கத்தில் அந்தக் கோட்டையே முற்றுகைக்கு ஆளாகிறது. செலவு செய்த ஒவ்வொரு காசும் அன்றைக்குத் தெரியும்.

அதன் முடிவைப் பற்றி ஏன் இவ்வளவு திட்டு?

கதை உடையும், எச்சரித்துவிட்டேன். ஐம்பது மணி நேரம் ஆடி, கடைசி எதிரியான நிழல் அரசனைக் கொன்றதும் கூரை இடிந்து விழுகிறது. பிறகு சில படங்கள், ஒரு குரல், பெயர்ப் பட்டியல். யார் பிழைத்தார், யார் செத்தார், ஒன்றும் சரியாகத் தெரியாது. மாஸ்க் வரும்வரை ஓராண்டு காத்திருந்தவர்களின் கோபம் நியாயமானது. இன்றைக்கு ஆடுகிறவருக்கு அந்தக் காத்திருப்பு இல்லை, அடுத்த நிமிடமே மாஸ்க்கைத் தொடங்கிவிடலாம். தொடங்குங்கள்.

மாஸ்க் உண்மையிலேயே அவ்வளவு உயர்ந்ததா?

ஆமாம். ஆறில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

மற்ற ஐந்திலும் வெளியே ஒரு பெரிய எதிரி இருக்கிறான், அவனிடமிருந்து மற்றவர்களைக் காப்பாற்றுகிறீர்கள். மாஸ்க்கில் எதிரி உங்கள் வயிற்றுக்குள் இருக்கிறது. வெகு கிழக்கே, ராஷெமென் என்ற நாட்டில், ஒரு கல்லறைக் குகைக்குள் கண்விழிக்கிறீர்கள். குழந்தைப் பருவத்திலிருந்து நெஞ்சில் புதைந்திருந்த இன்னொரு வெள்ளித்துண்டைக் காணவில்லை. அதற்குப் பதில் ஒரு பசி வந்திருக்கிறது. யானைத்தீ என்று பழந்தமிழில் ஒரு சொல் உண்டு, எவ்வளவு தின்றாலும் அடங்காத பசிநோய். இது அதேதான். தின்ன வேண்டியது மட்டும் சோறு இல்லை, ஆவிகள். மரத்தின் ஆவி, ஆற்றின் ஆவி, செத்தவரின் ஆவி.

தின்றால் பலம் வரும், பசியும் வளரும். தின்னாவிட்டால் கரைந்து சாவீர்கள். முதல் கேமில் எங்கே வேண்டுமானாலும் தூங்கலாம் என்றேன் அல்லவா? இங்கே ஒவ்வொரு தூக்கமும் பசியைக் கூட்டும். மற்ற கேம்பெய்ன்களில் நல்லவனாக இருக்கச் செலவே கிடையாது. பிச்சைக்காரருக்கு நாலு காசு போட்டால் போதும். இங்கே ஒருவரைத் தின்னாமல் விடுவதற்கு உங்கள் உடம்பால் விலை கொடுக்கிறீர்கள்.

இந்தச் சாபம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போவதுதான் கதை. தேடல் போய் முட்டும் இடம் ஒரு சுவர். எந்தக் கடவுளையும் வணங்காமல் செத்தவர்களின் ஆன்மாக்களை வைத்துக் கட்டிய சுவர். அதை எதிர்த்து முன்பு ஒருவன் படை நடத்தித் தோற்றிருக்கிறான், அவனுக்கும் உங்கள் பசிக்கும் உறவு உண்டு. இதற்கு மேல் சொல்ல மாட்டேன். ஒன்றே ஒன்று: சுவரை இடித்துத் தள்ளும் முடிவு கேமில் கிடையாது. எவ்வளவு பலம் இருந்தாலும் முடியாது. முதல் முறை முடித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இன்றும் முழுதாகத் தணியவில்லை.

பசி விஷயம் பயமாக இருக்கிறதே, ஆட்டத்தையே கெடுத்துவிடாதா?

முதல் ஐந்து மணி நேரம் மிரட்டும், அப்புறம் பழகிவிடும். தேவையில்லாமல் தூங்காதீர்கள். ஒரு சண்டைக்கு ஒரு தூக்கம் என்ற பழைய பழக்கத்தை விட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பசியை அடக்கும் திறனைக் கிடைக்கும்போதெல்லாம் பயன்படுத்துங்கள். கிடைத்ததையெல்லாம் தின்றால் பிறகு கட்டுக்குள் வராது. கடைகளுக்கும் பழைய இடங்களுக்கும் சும்மா போய்வரும் பழக்கத்தையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஜெஹிர் யாருக்கு?

கதை வேண்டாம், சாகச வாழ்க்கை போதும் என்பவர்களுக்கு. நான்கு பேரையும் நீங்களே செய்துகொள்ளலாம். கப்பல் உடைந்து சமராக் என்ற காட்டு நாட்டில் ஒதுங்குகிறீர்கள், சாசானி என்ற வணிகப் பெண்ணிடம் வேலைக்குச் சேர்கிறீர்கள். பெரிய வரைபடத்தில் ஊர் ஊராக நடந்து, வழிப்பறிக்காரர்களைச் சமாளித்து, சரக்கு வாங்கி விற்று வணிகத்தைப் பெருக்க வேண்டும். உரையாடலில் நான்கு பேரில் யாரை வேண்டுமானாலும் பேசவிடலாம் என்பது நல்ல யோசனை. பாம்பு மனிதர்களின் சதி என்று ஒரு கதையும் ஓடுகிறது, மறுநாள் காலை நினைவிருக்காது. மாஸ்க்கை முடித்த கையோடு இதைத் தொடங்காதீர்கள், சப்பென்று இருக்கும். நடுவில் ஒரு மாதம் போகட்டும்.

துணைக்கு வருபவர்களில் யார் சிறந்தவர்கள்?

எண்ணிக்கையில் இரண்டாம் கேம் முந்தும். சண்டைக்காரக் குள்ளர் கெல்கர், வாலும் கொம்பும் உள்ள திருடி நீஷ்கா, வாய்த்துடுக்கு மந்திரவாதி சாண்ட் என்று பத்துப் பேருக்கு மேல். அவர்கள் ஒருவரோடொருவர் சண்டை போடுவதைக் கேட்கவே நகரச் சந்துகளில் சும்மா சுற்றலாம். யாரோடு நெருங்குகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். கடைசியில் எல்லோரும் உங்கள் பக்கம் நிற்க மாட்டார்கள்.

ஆழத்தில் மாஸ்க்தான். சிவப்பு மந்திரவாதிகள் குலத்துப் பெண் சஃபியா, கனவுகளுக்குள் நடக்கும் கான், சுவரை இடித்தே தீருவேன் என்று நிற்கும் கேலின். ஆள் குறைவு, ஆனால் ஒவ்வொருவருக்கும் உங்கள் சாபத்தில் ஒரு பங்கு இருக்கிறது.

இன்றைய கணினியில் ஓடுமா?

முதல் கேமும் அதன் எக்ஸ்பான்ஷன்களும் 2018-இல் பீம்டாக் வெளியிட்ட என்ஹான்ஸ்டு எடிஷனாகக் கிடைக்கின்றன. கைபேசியில்கூட வந்திருக்கிறது, விரல் நுனியால் ஆடப் பொறுமை வேண்டும். இரண்டாம் கேமுக்கு 2025-இல் புதிய பதிப்பு வந்தது. பழைய பதிப்பின் கேமராவோடு மல்லுக்கட்டியவர்களுக்குத்தான் அந்தச் செய்தியின் அருமை தெரியும்.

ஒன்றே ஒன்று ஆடத்தான் நேரம் இருக்கிறது. எது?

மாஸ்க். இரண்டாம் கேமை ஆடாமலே, 18-ஆம் லெவலில் புதிய கேரக்டர் செய்து தொடங்கலாம். முன்கதை இவ்வளவு தெரிந்தால் போதும்: நீங்கள் கைக்குழந்தையாக இருந்தபோது நடந்த ஒரு போரில் மந்திர வாள் ஒன்று உடைந்து அதன் துண்டு உங்கள் நெஞ்சில் பாய்ந்தது, பெரியவரானதும் மற்ற துண்டுகளைச் சேர்த்து அந்த வாளால் நிழல் அரசனைக் கொன்றீர்கள், கூரை இடிந்து விழுந்தது. மாஸ்க் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே ஓக்கு என்ற கரடித் தெய்வம் தன் ஆவிப் படையோடு நகர வாசலுக்கு வந்து உங்களைக் கூப்பிடும். அதை வீழ்த்தியதும், துணைக்குச் சேர்த்துக்கொள்வதா விழுங்குவதா என்ற கேள்வி வரும். அந்த இடத்தில் ஒரு தனி சேவ் போட்டு வைத்துவிட்டு, அப்புறம் முடிவெடுங்கள்.